கதை தெரிந்த பிறகும் கையில் நிற்கும் நாவல் எது? பழசும் புதுசும்

ஓரக்குறிப்பு

கிளாசிக் படிப்பவர்கள் இன்றைய நாவல்களைத் திறந்தே பார்ப்பதில்லை, இன்றைய நாவல் படிப்பவர்களுக்குக் கிளாசிக் என்றாலே கொட்டாவி. இரண்டு கூட்டத்திலும் எனக்குப் பழக்கம் உண்டு, இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. புத்தகத்தின் வயசை நான் பார்ப்பதில்லை. கதை முழுக்கத் தெரிந்துவிட்ட பிறகு மறுபடி எடுத்தால் கையில் நிற்கிறதா, அவ்வளவுதான் என் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டால் பெரிய பெயர்கள் சில சரிகின்றன, யாரும் அதிகம் பேசாத சில சின்னப் புத்தகங்கள் மேலே வந்துவிடுகின்றன. திட்டு விழும், பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் கொன்றது யார் என்ற கேள்விக்கே இடமில்லை. முதல் பாகம் முடிவதற்குள் கோடரி, கிழவி, எதிர்பாராமல் உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும் கிழவியின் தங்கை எல்லாம் நம் கண் முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது. மறைத்து வைக்க ஆசிரியரிடம் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி சிரித்துச் சிரித்துப் பேச உட்காரும்போது நமக்குத்தான் தொண்டை வறண்டு போகிறது, ரஸ்கோல்னிகோவ் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா என்று பதறுகிறோம், ஒரு கொலைகாரனுக்காக. அடுத்த முறை படிக்கும்போது இந்தப் பதற்றம் கூடத்தான் செய்கிறது.

'பொன்னியின் செல்வன்' இதற்கு நேர் எதிர். முதல் வாசிப்பில் அதைப் போல என்னைத் தூங்கவிடாமல் செய்த தமிழ் நாவல் வேறு இல்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் போய் மாட்டி நிற்கும். இருட்டில் நிற்பது யார், அந்தக் குரல் யாருடையது, படகில் வந்தது யார்? பதில் தெரிந்த பிறகு கொக்கி வேலை செய்வதில்லை. எனக்கு மிஞ்சுவது ஆழ்வார்க்கடியானின் வம்புச் சண்டை, பூங்குழலி, அப்புறம் நந்தினி. குந்தவையும் அருள்மொழிவர்மரும் பேச ஆரம்பித்தால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன், அவ்வளவு நல்லவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' என்றால் எல்லோருக்கும் ரயில்தான் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்த இடம் ஆறாம் பாகத்தில், காளான் பறிக்கப் போகிற காட்சி. நாவலின் இன்னொரு முக்கிய ஆளான லெவினின் அண்ணன் கோஸ்னிஷெவ் பெரிய படிப்பாளி, புத்தகமும் கொள்கையுமாகவே வாழ்ந்தவர். வாரென்காவிடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு அவளோடு காட்டுக்குள் நடக்கிறார். அவளுக்கும் தெரியும் அவர் எதற்கு வருகிறார் என்று. பேச்சே இல்லாமல் கொஞ்ச தூரம் போகிறார்கள். அந்த மௌனம் தாங்காமல் அவள் காளானைப் பற்றி என்னவோ சொல்லிவிடுகிறாள். அவரும் அடுக்கி வைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, வெள்ளைக் காளானுக்கும் பிர்ச் மரத்தடிக் காளானுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். தொப்பியில் பெரிய வித்தியாசம் இல்லை, தண்டில்தான் என்கிறாள், உதடு நடுங்க. முடிந்தது. இனி அந்தப் பேச்சு வராது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடுகிறது. இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும், அதற்குள் இரண்டு வாழ்க்கை திசை மாறிவிடுகிறது. இதைக் கதைச் சுருக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஒன்றுமே இருக்காது.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' இதே ஜாதி. தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், குழாயில் தண்ணீர் இல்லை, ஆட்கள் குடத்தோடு அலைகிறார்கள். ஜமுனாவைச் சினிமாவில் பெரிய ஆளாக்குவதாகச் சொல்லிச் சொல்லியே ஒருத்தன் ஏய்க்கிறான், தங்கை கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். வாழ்க்கையே முடிந்தது என்று ஜமுனா உட்கார்ந்திருக்கும்போது டீச்சரம்மா தன் கல்யாணக் கதையை, நோயாளிப் புருஷனோடும் மாமியாரோடும் கழிகிற நாட்களை, அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறாள். ஆறுதல் வார்த்தை ஒன்று கிடையாது. சொல்லி முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

இன்றைய நாவல்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சேகரித்த தகவல் எதையும் விட மனசு வருவதில்லை இவர்களுக்கு. கல்வெட்டு, பயிர், நோய், சாதிப் பட்டம், வெள்ளைக்காரன் போட்ட சட்டம் எல்லாம் உள்ளே வருகிறது, மூச்சு விட ஒரு ஆள் இடம் கேட்டால் இல்லை. ஆயிரம் பக்கம் படித்து முடித்த பிறகு எனக்கு ஒரு காலகட்டம் தெரிகிறது, மனுஷன் முகம் தெரியவில்லை.

வீரநாராயணம்

கல்கியைத் தொட்டுவிட்டீர்கள், சும்மா விடமாட்டேன்.

முதலில் ஒரு விஷயம். வாரத் தொடர் என்றால் கொக்கி, ரஷ்ய நாவல் என்றால் ஆழம் என்று நீங்கள் பிரிக்கிற மாதிரி இருக்கிறது. அந்த ரஷ்ய நாவல்களும் தொடராக வந்தவைதான். 'குற்றமும் தண்டனையும்' 1866இல் ஒரு மாதப் பத்திரிகையில் வந்தது, அதே பத்திரிகையில்தான் 1875 முதல் 'அன்னா கரேனினா' வந்தது. கடைசிப் பாகத்தில் செர்பியப் போருக்குக் கிளம்புகிற தொண்டர்களை டால்ஸ்டாய் கிண்டலாக எழுதியது பத்திரிகை ஆசிரியர் கத்கோவுக்குப் பிடிக்காமல் போய், அதைப் போட மாட்டேன் என்றுவிட்டார். டால்ஸ்டாய் அந்தப் பாகத்தைத் தனியாக அச்சடித்தார். ஆகவே வாசகன் அடுத்த இதழுக்குக் காத்துக் கிடப்பது ஒன்றும் இலக்கியத்துக்கு ஆகாத விஷயம் இல்லை.

அப்புறம் பதில் தெரிந்துவிட்டால் கொக்கி அறுந்துவிடும் என்கிறீர்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று உங்களுக்குத் தெரியுமா? கல்கி சொல்லவில்லை ஐயா. அந்த அறையில் நந்தினி இருக்கிறாள், பெரிய பழுவேட்டரையர் இருக்கிறார், ரவிதாசன் கூட்டம் இருக்கிறது, வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், யார் கை என்பதை இருட்டிலேயே விட்டுவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டில் கொன்றவர்கள் என்று ரவிதாசன், அவன் சகோதரர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. அதை அப்படியே கதையில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கலாம், அவர் அதைச் செய்யவில்லை. அத்தனை மெனக்கெட்டுக் கட்டிய மர்மத்தைத் தீர்க்காமல் விட எவ்வளவு தைரியம் வேண்டும்? கடைசியில் வாசகர்கள் கேள்வி கேட்டுத் துளைத்து, யார் யார் என்ன ஆனார்கள் என்று தனியாக ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது.

நான் மறுபடி மறுபடி எடுப்பது வந்தியத்தேவனுக்காக. பசி, வாய்க்கொழுப்பு, எங்கே போனாலும் எதிலாவது மாட்டிக்கொள்வது. அவன் ஏரிக்கரையில் குதிரையை மெதுவாக நடத்திக்கொண்டு வருகிற அந்த முதல் அத்தியாயம் கதை தெரிந்தவனுக்குத்தான் இன்னும் இனிக்கும், அவனுக்கு முன்னால் என்ன காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியுமே.

பாதியில்நிற்பவன்

யோவ், நான் இப்போதுதான் அன்னா மூன்றாம் பாகத்தில் இருக்கிறேன். ரயில் என்கிறீர்கள், காளான் என்கிறீர்கள், ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதக்கூடாதா?

ஓரக்குறிப்பு

நண்பரே, புத்தகம் வந்து கிட்டத்தட்ட 150 வருஷம் ஆகிறது. மூன்றாம் பாகம் என்றால் லெவின் புல் அறுக்கிற இடம் வந்திருக்க வேண்டுமே, அதை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். நினைத்து அறுத்தால் கோணலாகிறது, நினைப்பு போனதும் அரிவாள் தானாகப் போகிறது. உடம்பு வேலையை இவ்வளவு சந்தோஷமாக எழுதிய பணக்காரரை நான் பார்த்ததில்லை.

வீரநாராயணம், கொலை மர்மத்தைத் தீர்க்காமல் விட்டது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மர்மத்தில் என்னை நிற்க வைப்பது நந்தினி ஒருத்திதான். அவள் யாருடைய மகள் என்பதுகூட முழுசாகத் தெளியாமல் போகிறது. அவள் வருகிற பக்கங்களில் கல்கி வேறொரு எழுத்தாளர் ஆகிவிடுகிறார்.

உப்புக்காற்று

இந்த மறுவாசிப்புக் கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு இது வசதி என்று கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் சொன்ன நாவல்களில் வருகிற வீடு, பேச்சு, தெரு எல்லாம் வாசகனுக்கு ஏற்கெனவே பழக்கமானது, அல்லது பல காலமாக மறுபடி மறுபடி எழுதப்பட்டதால் பழகிப்போனது. அதனால் ஆசிரியர் விளக்க வேண்டியதில்லை, நேராகக் காளானுக்குப் போய்விடலாம். 1992இல் பாமா 'கருக்கு' எழுதும்போதும், 1994இல் இமையம் 'கோவேறு கழுதைகள்' எழுதும்போதும், 2004இல் ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு' எழுதும்போதும் அந்த வாழ்க்கையில் வாசகனுக்கு என்ன பழக்கம் இருந்தது? கடலில் காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எந்த மீன் வரும், பாயை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதினால் உங்களுக்கு அது தகவல். கடலுக்குப் போகிறவனுக்கு அதுதான் அன்றைய நாளே, அது தெரியாவிட்டால் அவன் திரும்பி வரமாட்டான்.

'கோவேறு கழுதைகள்' நாவலில் வருகிற ஆரோக்கியம் என்கிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடுக்கப்பட்ட மக்களின் துணியை வெளுக்கிற, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட குடும்பம் அவளுடையது. ராத்திரி வீடு வீடாகச் சோறு வாங்கப் போகிறாள், களத்தில் தானியம் கேட்டு நிற்கிறாள், பிள்ளை பிறந்தாலும் சாவு விழுந்தாலும் அவள் அங்கே இருந்தாக வேண்டும். காலம் மாற மாற அவளுக்கு வருவது குறைகிறது, அவளால் அந்த ஊரை விட்டுப் போகவும் முடியவில்லை, வேறொரு வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவும் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவனே இன்னொருத்தனை மிதிக்கிறான் என்பதை இவ்வளவு நேராக அதற்கு முன் தமிழ் நாவலில் நான் படித்ததில்லை. புத்தகம் வந்தபோது எவ்வளவு வாக்குவாதம் நடந்தது என்று நாவல் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. ஒரே தடவை படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாவலும் உண்டு. இமையத்தின் 'செல்லாத பணம்' அப்படி. ரேவதி தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். யார் கண்ணிலாவது ஒரு தகவல் கிடைக்காதா என்று உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறார்கள். கையில் காசு இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை மறுபடி எடுக்க என் நெஞ்சில் தெம்பில்லை. நான் திரும்ப எடுக்காததால் அது சரிந்துபோன நாவல் ஆகிவிடுமா?

ஓரக்குறிப்பு

ஆகாது. ஆனால் 'செல்லாத பணம்' என் பக்கம்தான் சாட்சி சொல்லும் என்று நினைக்கிறேன். தீக்காய வார்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கப் போகிறது என்பதில் யாருக்கு சந்தேகம்? முடிவு தெரிந்தே நூற்றுக்கணக்கான பக்கம் உட்கார வைக்கிறாரே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்த வெளி வராந்தாவில் பக்கத்துக் கட்டில்காரர்களின் உறவினர்கள் பேசிக்கொள்கிற பேச்சு இருக்கிறதே, ஒவ்வொருத்தரும் தன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறார்கள், ஸ்டவ் வெடித்தது என்கிறார்கள், கேட்கிறவர்கள் நம்பின மாதிரி தலையாட்டுகிறார்கள். அந்தப் பேச்சுகளை மட்டும் நான் திரும்பப் போய்ப் படித்திருக்கிறேன்.

'கோவேறு கழுதைகள்' பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, நான் சொன்ன மூச்சு விடுகிற ஆள் ஆரோக்கியம்தான். அந்த நாவலில் எத்தனை சடங்கு, எத்தனை வேலை, எத்தனை முறைமை வருகிறது, ஒன்றுகூட உறுத்தவில்லை, ஏனென்றால் எல்லாம் அவள் கை வழியாக வருகிறது. 'ஆழி சூழ் உலகு' நாவலில் கடல் வருகிற பக்கங்களும் அப்படித்தான், கரைக்கு வந்து குடும்பங்களின் வரிசை ஆரம்பித்ததும் எனக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

பெயர் சொல்லாமல் பொதுவாகக் குறை சொன்னால் கோழைத்தனம் என்று நினைப்பீர்கள், சரி சொல்கிறேன். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', 2008இல் வந்தது, 2011இல் சாகித்திய அகாதெமி வாங்கியது. தாதனூர்க்காரர்கள் களவுக்குப் போகிற இரவுகளை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பேன். சுவரில் ஓட்டை போட்டுக் கன்னம் வைப்பது, இருட்டில் காது கொடுத்துக் கேட்பது, அந்த வித்தையில் அவர்களுக்கு இருக்கிற பெருமை, ஒரு வார்த்தையை எடுக்க முடியாது. அங்கிருந்து அரசர், பாளையம், கும்பினி என்று நூற்றாண்டுகள் நகர ஆரம்பித்தால் நாவலை யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பாடப் புத்தகத்தைக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஒரே புத்தகத்தில் இரண்டு எழுத்தாளர்கள், ஒருத்தரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

திமிங்கிலம்

தகவல் மேல் என்ன இவ்வளவு கோபம். மெல்வில் எழுதிய 'மோபி டிக்' படித்திருக்கிறீர்களா? திமிங்கில வகைகளுக்கு ஒரு அத்தியாயம், கயிற்றுக்கு ஒரு அத்தியாயம், வெள்ளை நிறத்துக்கு ஒரு அத்தியாயம், கொழுப்பைக் காய்ச்சுவதற்கு ஒன்று. 1851இல் வந்தபோது சரியாக விற்கவில்லை. 1891இல் மெல்வில் சாகும்போது அவரையே பலர் மறந்திருந்தார்கள். இன்றைக்கு அந்தக் கயிற்று அத்தியாயத்துக்காகவே அதைத் திரும்ப எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், நானே ஒருத்தன். ஈட்டியில் கட்டிய கயிறு படகுக்குள் எல்லோரையும் சுற்றிப் போகிறது, எவன் கழுத்தில் எப்போது இறுகும் என்று தெரியாமல் அதற்கு நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு துடுப்புப் போடுகிறார்கள். தகவலா அது?

ஆகவே ஆராய்ச்சி அதிகமா குறைவா என்பதில் விஷயம் இல்லை. எழுதுகிறவனுக்கு அந்தத் தகவலில் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். கடமைக்குச் சேகரித்ததைக் கடமைக்கு எழுதினால் கடமைக்குத்தான் படிப்போம்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், 'நவீன உத்தி' என்று இன்றைக்குப் பின்னட்டையில் போடுகிறவற்றைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 'டான் கிஹோத்தே' முதல் பாகம் 1605, இரண்டாம் பாகம் 1615. நடுவில் 1614இல் வேறொருத்தர் போலியாக ஒரு இரண்டாம் பாகம் எழுதி வெளியிட்டுவிட்டார். செர்வாண்டிஸ் என்ன செய்தார் தெரியுமா, தன்னுடைய இரண்டாம் பாகத்துக்குள் அந்தப் போலிப் புத்தகத்தையே கொண்டுவந்து, கதாபாத்திரங்களை விட்டே அதைக் கிழித்தார். அதுவும் போதாதென்று, முதல் பாகத்தைப் படித்தவர்கள் டான் கிஹோத்தேயை வழியில் சந்தித்து, ஓ நீங்கள்தானா அவர் என்று விசாரிக்கிறார்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால்!

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' பற்றி யாரும் பேசவில்லையே. அதை இந்த வரிசையில் எங்கே வைப்பது? முதல் வரியிலேயே ஆள் செத்துப்போய்விடுகிறான், அதுவும் 1960 ஜனவரி 5, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள். காம்யு நிஜம், தேதி நிஜம், ஜே.ஜே. மட்டும் கற்பனை. கதை என்று ஒன்று இல்லை, டைரிக் குறிப்பும் ஏளனமும்தான். 1981இல் வந்தது. மறுவாசிப்பில் எனக்கு அது பாதி உயர்ந்தது, பாதி இறங்கியது. இலக்கியவாதிகளைக் கிண்டல் செய்கிற இடங்கள் அப்படியே புதுசாக இருக்கின்றன, ஆட்கள் மாறவே இல்லை போல. ஜே.ஜே. உண்மையைத் தேடுகிற இடங்களில் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

கல்தூண்நிழல்

நான் வேறொரு பக்கம் இருந்து சொல்கிறேன். மறுவாசிப்பில் புத்தகம் மாறுவதில்லை, படிக்கிறவள் மாறிவிடுகிறாள். கல்லூரியில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படித்தபோது பாபுவின் தவிப்பு எல்லாம் என் தவிப்பாக இருந்தது. இப்போது எடுத்தால் நான் யமுனா பக்கம் நின்று படிக்கிறேன், கோபம் வருகிறது. இந்த மனுஷி எத்தனை வருஷம் வறுமையில் தனியாக நிற்கிறாள், அந்த நிற்பதைப் பற்றி நாவலுக்கு அக்கறை குறைவு. அவளுடைய அழகைப் பற்றியும் பாபுவின் ஜுரத்தைப் பற்றியும்தான் அக்கறை. தங்கம்மா கதை இன்னும் மோசம். கிழவனுக்குக் கட்டி வைக்கப்பட்ட சின்னப் பெண், ஆசைப்பட்டாள், உயிரை விட்டாள், பாபு வருத்தப்பட்டான், கதை நகர்ந்துவிட்டது. அவள் செத்தது பாபுவின் வளர்ச்சியில் ஒரு படி மாதிரி ஆகிவிடுகிறது.

'அம்மா வந்தாள்' இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். வேறொருத்தரோடு உறவு வைத்திருக்கிற அலங்காரத்தம்மாளை நியாயப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. பிள்ளையை வேதம் படிக்க அனுப்பித் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறாள், வீட்டில் புருஷன் தண்டபாணி எல்லாம் தெரிந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார். அந்த மௌனத்தை மட்டும் வைத்து ஒரு ஆராய்ச்சியே எழுதலாம். அதே ஆசிரியர், அதே கை. 'மோகமுள்' பெரிய நாவல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு 1966இல் வந்த இந்தச் சின்ன நாவல்தான் பெரிது.

ஓரக்குறிப்பு சொன்ன கணக்கில் அம்பையின் கதைகளைப் போட்டுப் பாருங்கள். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம், பெரிய வீடு, ஒரு மூலையில் இருட்டுச் சமையலறை, அதை யார் ஆள்வது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வேறு வேறு ஆள் மேல் இரக்கம் வருகிறது, முதலில் மருமகள், அப்புறம் மாமியார்.

ஓரக்குறிப்பு

தங்கம்மா விஷயத்தில் நீங்கள் சொன்னது சுருக்கென்று இருக்கிறது, பதில் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் 'மோகமுள்' எனக்கு பாபு-யமுனா கதையாக நிற்கவே இல்லை, ரங்கண்ணாவின் கதையாகத்தான் நிற்கிறது. அந்த மனுஷனுக்குச் சத்தம் என்றால் போதும். குருவிச் சத்தமோ தெருச் சத்தமோ, எதிலும் சுருதியைத் தேடுகிறார். பாட்டு வாத்தியார் என்று நாவல்களில் வருகிறவர்கள் ஒன்று மகானாக இருப்பார்கள், இல்லை கோமாளியாக இருப்பார்கள், இவர் இரண்டும் இல்லாமல் வீட்டுச் செலவுக்கு அல்லாடிக்கொண்டு, மனைவியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, நடுவில் தம்புராவை எடுத்து வைத்ததும் வேறு ஆளாகிவிடுகிறார். சங்கீதம் தெரியாதவனுக்குக் காது முளைக்க வைக்கிற பக்கங்கள்.

திமிங்கிலம், கயிற்று அத்தியாயத்தை நானும் படித்தேன், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் திமிங்கில வகைப்பாட்டு அத்தியாயத்தை நீங்கள் திரும்பப் படித்ததாக என்னிடம் சத்தியம் செய்யாதீர்கள்.

திமிங்கிலம்

செய்யமாட்டேன்.

பாதியில்நிற்பவன்

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு பேசுகிறீர்கள், என்னை மாதிரி ஆள் எங்கே ஆரம்பிப்பது? அன்னாவை முடிக்கவே எனக்குப் பல மாதம் ஆகும் போலிருக்கிறது, வேலை முடிந்து வந்து பத்துப் பக்கம் தாண்டவில்லை. பெரிய நாவல் படிக்காதவன் வாசகனே இல்லை என்று சிலர் பேசுவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

உப்புக்காற்று

அப்படிப் பேசுகிறவர்களை விடுங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' எடுங்கள், 1964இல் வந்தது, சின்ன நாவல். நொடித்துப்போன பெரிய குடும்பத்துப் பெண் லிஸி, பனையேறி மகன் தங்கராஜ். வயசு வந்த பிறகு லிஸியை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள், பள்ளிக்கூடம் நின்று போகிறது, அவளுக்கு உலகம் என்பது அந்த வீடும் முற்றமும்தான். பேச்சு முழுக்க அந்த ஊர்ப் பேச்சு, சில சொற்கள் புரியாது, கவலைப்படாமல் தாண்டுங்கள், தானாகப் புரிந்துவிடும்.

வீரநாராயணம்

நான் கல்கியைத்தான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை, 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893இல் தொடராக வர ஆரம்பித்தது, எழுதிய ராஜம் ஐயர் 26 வயதில் 1898இல் போய்விட்டார். பழசு என்று பயப்படாதீர்கள், முதல் பாதியில் கிராமத்துப் பெண்கள் கூடி வம்பு பேசுகிற இடமும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ்ப் பண்டிதரும் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார்கள். இரண்டாம் பாதியில் வேதாந்தம் ஏறிவிடுகிறது. ஓரக்குறிப்பு கோபித்துக்கொள்வார், ஆனால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி, ஒரு நாவலை முடித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

கல்தூண்நிழல்

'புயலிலே ஒரு தோணி'யையும் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். ப. சிங்காரம் எழுதியதே இரண்டு நாவல்தான், இது வருஷக்கணக்காக அச்சேறாமல் கிடந்து 1972இல் வந்தது. இரண்டாம் உலகப் போர், மெடான், பினாங்கு, ஜப்பான்காரன் வந்து இறங்குகிறான், வட்டிக்கடைத் தமிழர்கள் கணக்குப் புத்தகத்தோடு அலைகிறார்கள். நடுவில் கதாநாயகன் பாண்டியன் போதையில் தன் ஊர்த் தெருவை நினைத்துக்கொண்டு போகிற பக்கங்களில் கடைகள், பெயர்கள், பழைய பாட்டு, கேலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆனால் புதுசாகப் படிக்க ஆரம்பிக்கிறவருக்கு இதைக் கொடுக்காதீர்கள், பாவம். பெண்கள் இந்த நாவலிலும் ஓரமாகத்தான் வந்து போகிறார்கள், அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஓரக்குறிப்பு

கோபம் எல்லாம் இல்லை வீரநாராயணம், அந்த இரண்டாம் பாதியை நானும் வேகமாகத்தான் புரட்டினேன். சிங்காரம் விஷயத்திலும் ஒத்துக்கொள்கிறேன், அதை மூன்று நான்கு நாவல் தள்ளி எடுக்கலாம்.

பாதியில்நிற்பவனுக்கு என் பங்குக்கு ஒன்று. பத்துப் பக்கம்தான் முடிகிறது என்றால் சிறுகதை எடுங்கள், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. முதல் வரியிலேயே அவள் மூச்சு நின்றுவிடுகிறது, ஆகவே எச்சரிக்கை போட அவசியமே இல்லை. அதற்குப் பிறகுதான் கதை பின்னால் போகிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற பிரமநாயகம் பிள்ளை, நோயில் கிடக்கிற பெண்டாட்டிக்கு அடுப்பு மூட்டிக் கொடுக்கிறார், அவள் எழுந்து வேலை செய்யப் பார்க்கிறாள், அவர் தடுக்கிறார், ஊருக்குப் போகலாம் என்று அவள் ஆசைப்படுகிறாள். ஒரே உட்காரலில் முடிந்துவிடும். முடிந்ததும் முதல் பக்கத்துக்குப் போய் அந்த ஆரம்பப் பத்திகளை மட்டும் மறுபடி படியுங்கள், பிணத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்னென்ன காரியம் செய்கிறார் என்று பாருங்கள். அழுகிறாரா இல்லையா என்பதில் எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் இன்னும் தகராறு தீரவில்லை, நீங்கள் படித்துவிட்டு ஒரு பக்கம் சொல்லுங்கள்.